பழைய டைப்ரைட்டர் வாங்க, சரிசெய்ய, எழுத: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் ஐந்து டைப்ரைட்டர்கள் இருக்கின்றன. நான்கு ஆங்கிலம், ஒன்று தமிழ். ஐந்தும் ஓடுகின்றன, ஐந்திலும் எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பள்ளி முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் என்ற இரண்டு அரசுத் தட்டச்சுத் தேர்வும் பாஸ் செய்தவன். பிற்பாடு, அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு மாதம் ஒருமுறை வந்துபோன வயதான மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டவன். ஊரில் யாருக்காவது பழைய மெஷின் கிடைத்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே.

முதன்முதலாக வாங்குகிறேன். எந்த மெஷின் வாங்கலாம்?

இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வரும் பெரிய மெஷினை வாங்குங்கள். ரெமிங்டன், ஃபேசிட், ஹால்டா, கோத்ரெஜ் எதுவாக இருந்தாலும் சரி. விடிகாலை ஆறு மணி பேட்ச் தொடங்கி இரவு எட்டு மணி பேட்ச் வரை மாணவர்கள் மாறி மாறி அடித்தும் தாங்கிய மெஷின்கள் அவை. நீங்கள் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதுவதை ஒரு பாரமாகவே அவை எடுத்துக்கொள்ளாது. ஒரே மாடல் நாடு முழுக்கப் பரவியிருந்ததால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

கோத்ரெஜ் 1955-ல் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கி, 2009-ல் நிறுத்தியது. அதன் பிரைமா மாடல் இன்றும் கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் செய்பவர்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரெமிங்டன் ராண்டுக்குக் கல்கத்தாவில் தொழிற்சாலை இருந்தது. ஃபேசிட்டும் ஹால்டாவும் ஸ்வீடன் பெயர்கள்.

பெட்டியில் அடங்கும் சின்ன மெஷின்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஒலிவெட்டி லெட்டெரா 22 மாதிரி ஒன்று மேசையில் இருந்தால் கண்ணை எடுக்க முடியாது. 1950-ல் மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்தது அது. இன்று பார்த்தாலும் புதிதாக இருக்கிறது. ஆனால் சின்ன மெஷினுக்குள் எல்லாம் நெருக்கம். கைவிரல் போகாது, ஸ்குரூ டிரைவர் திரும்பாது. கற்றுக்கொள்ள ஏற்றது பெரியதுதான். அதில் சிக்கல் ஒரு விஷயத்தில்தான்: எடை. பதினைந்து கிலோ சுலபமாக வரும். ஆடாத மேசை வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

மூடப்போகும் இன்ஸ்டிட்யூட்டுகளில் முதலில் கேளுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முந்தைய வாரம் நீங்கள் போய் நின்றால் மெஷினும் பிழைக்கும், உங்களுக்கும் நல்லது கிடைக்கும். அலுவலக ஏலம், ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பக்கத்துக் கடைகள் அடுத்தது. இணையத்தில் “அரிய பொருள்” என்று போட்டு விற்பதை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். படத்தில் பளபளப்புதான் தெரியும்.

வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

ஒரு தாளைக் கையோடு கொண்டுபோங்கள். ரிப்பன் காய்ந்திருந்தால் கார்பன் தாளும் ஒன்று. தாளின் மேல் கார்பனை, மை தாளைப் பார்க்கும்படி வைத்துச் சொருகி அடித்தால் ரிப்பன் இல்லாமலே எழுத்து விழும்.

எல்லா எழுத்தையும் ஒருமுறை அடியுங்கள். மேலே போன எழுத்துக் கம்பி தானாகத் திரும்புகிறதா? தாளைச் சுமந்து நகரும் மேல்பகுதியான கேரேஜ், ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு இடம் நகர்கிறதா? ஷிப்டை அழுத்தி விட்டால் முழுதாக இறங்குகிறதா? வலது ஓரம் வரும்போது மணி அடிக்கிறதா? பிறகு கேரேஜை இடமும் வலமும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எங்காவது கரகரப்பு இருந்தால் அது அழுக்கு. எங்காவது முட்டி நின்று, அதே இடத்தில் எப்போதும் நின்றால் ஏதோ வளைந்திருக்கிறது.

அழுக்கு, துரு, பசை, உலர்ந்த ரிப்பன் எதுவும் வாங்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. கீழே விழுந்து சட்டம் கோணிப்போனது, எழுத்துக் கம்பி ஒடிந்தது, எழுத்தின் முகமே மழுங்கியது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். உதிரி பாகத்துக்காக வாங்குவதானால் வேறு கதை.

“ஓடாது” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உயிர் கொடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். என்னிடம் “செத்த மெஷின்” என்று வந்தவற்றில் பல, செத்தவையே அல்ல. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒருவர் எழுத்தே விழவில்லை என்று கொண்டுவந்தார். ரிப்பன் புதிது. முன்பக்கத்தில் ரிப்பன் நிறம் மாற்றும் சின்ன லீவர் இருக்கிறதே, கறுப்பு, சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி? அது வெள்ளையில் நின்றது. வெள்ளை என்றால் ஸ்டென்சில். அந்த நிலையில் ரிப்பன் மேலே எழும்பாது, எழுத்து நேராகத் தாளைக் கொத்தும். சைக்ளோஸ்டைல் பிரதி எடுக்க மெழுகுத் தாளில் வெட்டும் காலத்து ஏற்பாடு. லீவரைக் கறுப்புக்குத் தள்ளினேன், எழுத்து விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொருவர், ஒரு சாவியும் இறங்கவில்லை, எல்லாம் பூட்டிக்கொண்டது என்றார். கேரேஜ் வலது மார்ஜினில் போய் நின்றிருந்தது. அங்கே போனால் சாவிகள் பூட்டிக்கொள்வதுதான் முறை. கேரேஜ் லீவரைத் தள்ளி அடுத்த வரிக்கு வந்தால் திறந்துகொள்ளும்.

மூன்றாவது சின்ன மெஷின். கேரேஜ் அசையவில்லை. பயணத்துக்காகக் கேரேஜைப் பூட்டும் லீவர் பின்னால் இருந்தது. அதைத் திறந்ததும் வேலை முடிந்தது.

ஸ்குரூவைத் தொடும் முன் இந்த மூன்றையும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஓடவில்லையென்றால் அடுத்த சந்தேகம் பசை. பழைய எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் சேர்ந்து வருஷக்கணக்கில் இறுகிய பசை. தட்டினால் எழுத்துக் கம்பி மேலே போய் அப்படியே நிற்கும், அல்லது சோம்பலாக இறங்கும்.

மெஷினைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். முதலில் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் துகள், பழைய இன்ஸ்டிட்யூட் மெஷினாக இருந்தால் மிட்டாய்த் தாள்கூட வரும். பிறகு எழுத்துக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பிறை வடிவ வார்ப்பைப் பாருங்கள். அதில் சீப்புப் பல் போல மெல்லிய காடிகள் இருக்கும். ஒவ்வொரு கம்பியின் அடியும் ஒரு காடிக்குள் உட்கார்ந்திருக்கும். பசை குடியிருக்கும் இடம் அதுதான். மெக்கானிக்குகள் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து, கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக் காடிகளில் தேய்ப்பார்கள். கறுப்பாக ஒழுகும். துணியால் ஒற்றி எடுத்து, அந்தச் சாவியை முப்பது நாற்பது முறை தட்ட வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் இளகும், இரண்டாம் நாள் விடும், சிலது நான்காம் நாள்தான் விடும்.

பெட்ரோல் விளையாட்டுப் பொருள் அல்ல. வீட்டுக்குள் வேண்டாம், அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது, கையுறை போடுங்கள், நனைந்த துணியை மூடிய அறையில் போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் சாவித் தலைகளிலும் பெயின்ட்டிலும் ரப்பர் ரோலரிலும் படக்கூடாது. பெட்ரோலைத் தொட விருப்பமில்லை என்றால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அதுவும் தீப்பற்றும், அதே கவனம் வேண்டும். வேலை மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்கும். மண்ணெண்ணெய் வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும், ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள்.

எண்ணெய் விட வேண்டாமா?

காடிகளில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். சுத்தமாக, உலர்ந்து இருந்தால்தான் அவை ஓடும்.

இந்தக் கேள்விக்கு நான் குரலை உயர்த்திவிடுவேன், காரணம் உண்டு. நல்ல மெஷின்களைக் கெடுத்ததில் தேங்காய் எண்ணெய்க்குப் பெரிய பங்கு. “கொஞ்சம் இறுகியிருந்தது, வீட்டில் இருந்த எண்ணெயை விட்டோம்” என்பார்கள். மார்கழியில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் மெஷினுக்குள்ளும் உறையும். பிறகு சிக்கெடுத்து, பழுப்பு மெழுகாகிக் காடியை அடைத்துவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அடித்த அன்று வழுக்கிக்கொண்டு ஓடும், அதோடு சரி.

தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரேஜ் ஓடும் தண்டவாளத்தில் ஊசி முனையில் ஒரு சொட்டு விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு எண்ணெய் தெரிந்தால் அது அதிகம்.

கேரேஜ் தள்ளினால் போகிறது, அடித்தால் நகரவில்லை. ஏன்?

கேரேஜை இழுப்பது ஒரு சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் இடது ஓரத்தில் வட்டமான டப்பாவுக்குள் இருக்கும். அந்த டப்பாவையும் கேரேஜையும் ஒரு நாடா இணைக்கிறது. நாடா அறுந்தால், அல்லது கொக்கியிலிருந்து கழன்றால், இழுக்க ஆள் இல்லை. நாடாவுக்குப் பதில் மீன்பிடி நரம்போ முறுக்கான நைலான் கயிறோ போதும். டப்பாவைக் கையால் சுற்றி முறுக்கேற்றி, முறுக்கு விடாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கேரேஜில் மாட்ட வேண்டும். எத்தனை சுற்று என்பது மெஷினைப் பொறுத்தது: கேரேஜ் கடைசி எழுத்து வரை இழுபடும் அளவுக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் மற்ற பாகங்கள் அடிவாங்கும். பாதியில் டப்பா கைநழுவினால் சரேலென்று சுழன்று விரலைக் கிழிக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் கழன்றுகொள்ளும். இரண்டு பேராகச் செய்யுங்கள்.

நாடா சரியாக இருந்தும் நகராவிட்டால், அல்லது ஒரு அடிக்கு இரண்டு இடம் தாண்டினால், எஸ்கேப்மென்ட்டில் அழுக்கு. கடிகாரத்தில் டிக் டிக் என்று ஒவ்வொரு பல்லாக விடுமே, அதே தத்துவத்தில் கேரேஜை ஒவ்வொரு எழுத்தாக விடும் பற்சக்கரம் அது. அங்கே பிரஷ்ஷும் பெட்ரோலும் போகலாம். ஸ்குரூ டிரைவர் போகக்கூடாது.

ரிப்பன் இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. பெரும்பாலான மெஷின்களுக்கு அரை அங்குல அகலம், அதாவது 13 மில்லிமீட்டர். மெஷினோடு வந்த பழைய ஸ்பூல்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஸ்பூலின் அளவும் ஓட்டையும் மெஷினுக்கு மெஷின் மாறும். புது ரிப்பனை அந்தப் பழைய ஸ்பூலில் சுற்றிக்கொள்ளலாம்.

கடையில் டைப்ரைட்டர் ரிப்பன் இல்லையென்றால் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கான நைலான் ரீஃபில் கேளுங்கள். பில் அடிக்கும் கடைகள் இருக்கும் வரை அது இருக்கும். அரை அங்குலம்தானா என்று அளந்து வாங்குங்கள், வளையமாக இருந்தால் வெட்டி ஸ்பூலில் சுற்றுங்கள். மை சற்றுத் தூக்கலாக இருக்கும், முதல் நாலு பக்கம் கையில் ஒட்டும். சில மெஷின்களில் ரிப்பன் முனையிலிருக்கும் சின்ன உலோக வளையம் இடித்துத்தான் திசை மாறும். பேனர் கடையில் சொன்னால் அந்த வளையத்தை ஒரு நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பார்கள்.

எழுத்து மங்கலாக இல்லாமல், வட்டங்களெல்லாம் அடைத்துக்கொண்டு விழுந்தால் குற்றம் ரிப்பனுடையதல்ல. எழுத்து முகத்தில் மைப்பசை அடைத்திருக்கிறது. உலர்ந்த டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியால் மெதுவாக நெம்புங்கள். ஆங்கிலத்தில் ஏ, இ, ஓ அடைக்கும். தமிழில் ண, ழ, இ.

அடித்தால் தாள் ஓட்டையாகிறது.

ரோலர் கல்லாகிவிட்டது. ரப்பருக்கு வயசானால் இறுகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் பதியாவிட்டால் அதுதான். அச்சகங்களுக்கு ரப்பர் ரோலர் வார்த்துக் கொடுப்பவர்கள் சிலர் இதையும் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள். அதுவரை எழுதும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தடித்த தாளை வைத்துக்கொண்டால் போதும். சத்தமும் குறையும். ரோலர் நன்றாக இருந்தாலும் நான் இரண்டு தாளாகத்தான் போடுகிறேன்.

புதிதுபோல் பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. உடம்புக்கு ஈரத் துணியும் கொஞ்சம் சோப்பும், பிறகு கார் பாலிஷும் போதும். தங்க நிறத்தில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் ஆல்கஹால் பட்டால் எழுத்தே கரைந்துவிடும். என் கையால் ஒரு பெயரைப் பாதி அழித்துவிட்டேன், இன்றும் அந்தப் பக்கம் பார்க்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. துருவுக்கு மிக மெல்லிய எஃகு நார், பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. விசைப்பலகைக்கு முன்னால் ஷிப்ட் சாவியருகே பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறதா? அது எத்தனையோ பேரின் கை பட்ட இடம். அப்படியே இருக்கட்டும்.

ஒன்று என்ற எண்ணே என் மெஷினில் இல்லை!

பழைய ஆங்கில மெஷின்கள் பலவற்றில் இருக்காது. சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிக்க வேண்டும். ஆச்சரியக்குறி இல்லையென்றால் ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, பின்னால் ஒரு இடம் வந்து, கீழே ஒரு புள்ளி.

தமிழ் மெஷினில் எப்படி அடிப்பது? 247 எழுத்தும் எப்படி அடங்குகிறது?

எல்லா எழுத்துக்கும் தனிச் சாவி கிடையாது. ஒரு கம்பியில் இரண்டு எழுத்து, ஷிப்ட் அழுத்தாமல் ஒன்று, அழுத்தினால் ஒன்று. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு சாவிக்குள் நம் நெடுங்கணக்கை நுழைக்க வேண்டும் என்றால் எழுத்தைப் பிரித்தே ஆக வேண்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிச் சாவி.

இதை யோசித்துச் செய்தவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர், மலாயா போய், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அவருடைய மெஷின்கள் ஜெர்மனியில் தயாராகி வந்தன. ஒரு மொழியின் எழுத்தை உடைத்து, உடைந்தது தெரியாமல் தாளில் மறுபடி ஒட்டவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது ஒரு பக்கம் அடித்துப் பார்த்தால்தான் புரியும்.

உடைந்தது தெரியாமல் இருப்பதற்கு வழி, நகரா விசை. சாதாரணச் சாவியைத் தட்டினால் கேரேஜ் ஒரு இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் எழுத்து விழும், கேரேஜ் நகராது. புள்ளி அப்படிப்பட்டது. ஆகவே “க்” வேண்டும் என்றால் முதலில் புள்ளி, பிறகு க. புள்ளி விழுந்து காத்திருக்கும், அதன் அடியில் க வந்து உட்காரும். “அம்மா” என்று அடிக்க: அ, புள்ளி, ம, ம, கால். “கொடி”யின் கொவுக்கு: கொம்பு, க, கால். கையால் எழுதும் வரிசையில் இருந்து புள்ளி முன்னால் வந்துவிடுகிறது. முதல் வாரம் இது மண்டையைக் குடையும். க அடித்த பிறகு புள்ளி தேடுவீர்கள், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் ஏறிக்கொள்ளும். இரண்டாம் வாரம் விரலே புள்ளியை முன்கூட்டி நினைக்கத் தொடங்கும்.

இடக்கை நடுவரிசை ய ள ன க ப. இன்ஸ்டிட்யூட் வாசலைக் கடந்து போன யாருக்கும் இந்த “யளனகப” காதில் இருக்கும். வலக்கைப் பக்கம் கால், த, ம, ட, கடைசி விரலுக்குப் புள்ளி. கம்ப்யூட்டரில் பழைய தட்டச்சு முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இடங்கள் பழக்கமானவை. கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு எல்லாமே புதிது.

தமிழ் மெஷின் கிடைத்தால், எந்த நிலையில் இருந்தாலும் வாங்குங்கள் என்பேன். ஆங்கில மெஷின் உலகம் முழுக்க இருக்கிறது. ஒடிந்த கம்பிக்கு மாற்று எங்கிருந்தாவது வரும். தமிழ் மெஷினுக்கு மாற்று இன்னொரு தமிழ் மெஷினிலிருந்துதான் வர வேண்டும்.

கம்ப்யூட்டரில் வேகமாக அடிப்பேன். இதில் கம்பிகள் சிக்கிக்கொள்கின்றன, விரலும் வலிக்கிறது.

நீங்கள் அழுத்துகிறீர்கள். இங்கே தட்ட வேண்டும். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் எப்படி எடுப்பீர்கள், அப்படி. சாவியை அடிவரை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த வேகத்தில் கம்பி மேலே போய் அடித்துவிட்டுத் தானாகத் திரும்பும்.

அடுத்தது, தாளம். இரண்டு கம்பி ஒரே நேரத்தில் நடுவில் சந்தித்தால் சிக்கும். சிக்கினால் சாவியைப் பிடித்து இழுக்காதீர்கள், மேலே எழுத்துப் பக்கம் விரலால் மெதுவாகப் பிரியுங்கள். ஒரே சீராக அடித்தால் சிக்காது. அரசுத் தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த 45-ஐ எட்டியவர்கள் எல்லோரும் சீராக அடித்து எட்டியவர்கள். சில எழுத்தில் பாய்ந்து சில எழுத்தில் தடுமாறுகிறவர் சராசரியில் எப்போதும் பின்தங்குவார். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் சார் ஸ்கேலால் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் தட்டுக்கு ஓர் எழுத்து.

மேசை உயரத்தையும் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும். சாவிகள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். இன்ஸ்டிட்யூட் மேசைகள் குட்டையாக இருந்தது இதற்காகத்தான்.

இவ்வளவு பாடுபட்டு இதில் எழுதுவதால் என்ன கிடைக்கிறது?

எனக்குக் கிடைப்பதைச் சொல்கிறேன். வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டுத்தான் முதல் எழுத்தைத் தட்டுகிறேன். அழிக்க முடியாது என்பதால் வருகிற பழக்கம் அது. கம்ப்யூட்டரில் நான் முதல் பத்தியையே ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டு இருப்பேன். இங்கே அது முடியாது, அடுத்த வரிக்குப் போயாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் தேறும். அதில் ஒரு பக்கம் குப்பைக்குப் போகலாம். ஆனால் கையில் இரண்டு பக்கம் இருக்கிறது.

தவறு வந்தால் எக்ஸை வரிசையாக அடித்துவிட்டுப் போகிறேன். வெள்ளை மை பூசி, காயக் காத்திருந்து, மேலே அடிப்பதெல்லாம் ஆபீஸ் கடிதத்துக்கு. மை மெஷினுக்குள் சொட்டினால் அதைச் சுரண்டுவது பெரும்பாடு. ரப்பரால் அழிப்பதாக இருந்தால் கேரேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அழியுங்கள், துகள் காடிக்குள் விழாது.

இரட்டை இடைவெளி விட்டு அடித்தால், பிறகு பேனாவால் திருத்த இடம் இருக்கும். அந்தத் திருத்தத்தோடு கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் இரண்டாவது படி. மறுபடி முழுதாக அடிப்பது வீண்வேலை என்பார்கள். என் எழுத்தில் நல்லதெல்லாம் அந்த இரண்டாவது அடிப்பில் வந்ததுதான்.

கடிதமும் எழுதுங்கள். கார்பன் வைத்து அடித்தால் ஒரு பிரதி உங்களிடம் நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்கிறார்.

மெஷினுக்கு அடியில் தடித்த கம்பளித் துணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள், மேசையைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பாதிச் சத்தம் மேசையுடையது. இரவு ஒன்பதுக்கு மேல் நான் அடிப்பதில்லை.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

தாராளமாக. மேல் மூடியில் வையுங்கள், சாவிகளிலும் கம்பிகளிலும் வேண்டாம். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்துவிடும். என் மெக்கானிக் ஒவ்வொரு ஐப்பசியிலும் இன்ஸ்டிட்யூட் மெஷின்களிலிருந்து அதைச் சுரண்டி எடுப்பார், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. பூஜைக்கு முந்தின நாள் தூசி தட்டித் துடைப்பதுதான் மெஷினுக்கு உண்மையில் நல்லது.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? வீடு மாறும்போது?

துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், உப்புக் காற்று ஒரே பருவத்தில் கம்பிகளில் செம்பொடி பூத்துவிடும். வாரம் ஒரு பக்கமாவது அடியுங்கள். ஓடுகிற மெஷினில் பசை இறுக நேரமிருக்காது.

தூக்கும்போது கேரேஜைப் பிடிக்காதீர்கள். அடிச்சட்டத்தில் இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள். வண்டியில் ஏற்றுவதானால் இரண்டு மார்ஜினையும் நடுவுக்குத் தள்ளி, கேரேஜை நடுவில் நிறுத்தி, நாடாவால் கட்டிவிடுங்கள். கேரேஜ் ஓரத்தில் இருக்கும்போது ஒரு குலுக்கல் போதும், தண்டவாளம் வளைந்துவிடும்.

சாவிகளைக் கழற்றி நகை செய்கிறார்களே, என் மெஷின் எப்படியும் பழுதுதானே?

செய்யாதீர்கள். சாவி போன மெஷின் மறுபடி வராது. மேலே சொன்ன வெள்ளைப் புள்ளி லீவரை ஒருமுறை பார்த்துவிட்டீர்களா? பெட்ரோலும் பிரஷ்ஷும் நான்கு நாளும் கொடுத்துப் பார்த்தீர்களா? அதன் பிறகும் ஓடாவிட்டால், அதே மாடல் வைத்திருப்பவருக்கு உதிரியாகக் கொடுங்கள்.

அப்பாவின் மெஷின் பரண்மேல் இருபது வருஷமாக இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

இறக்கி, தூசி தட்டும் முன் நன்றாக ஒருமுறை பாருங்கள். கேரேஜை நகர்த்த வேண்டாம். மார்ஜின் இரண்டும் எந்த எண்ணில் நிற்கின்றன, வரி இடைவெளி ஒன்றில் இருக்கிறதா இரண்டில் இருக்கிறதா, ரிப்பன் லீவர் எந்த நிறத்தில் இருக்கிறது, எல்லாம் அவர் கடைசியாக வைத்தபடியேதான் இருக்கும். என்னிடம் இப்படி ஒரு மெஷின் வந்தது. இடது மார்ஜின் பதினைந்தில், இரட்டை இடைவெளி, லீவர் கறுப்பில். கோர்ட்டு மனு அடித்தவர் என்று அவர் மகள் சொன்னார். அந்த எண்களை ஒரு சீட்டில் குறித்து மூடிக்குள் ஒட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்தேன். வேலை முடிந்ததும் மார்ஜினை மறுபடி பதினைந்தில் வைத்துக் கொடுத்தேன். நீங்களும் முதலில் ஒரு பென்சிலும் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.